நாற்பதில் நின்ற தர்மாமீட்டர்

மதுரை,
14.5.1979

ராதாகிருஷ்ணனுக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் அப்பா பிழைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே. நீ சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் பாஷையில் திட்டினால்தான் எனக்கு ஆறும், ஆனால் சௌராஷ்டிரம் எனக்கு வாயில்தான் வரும், எழுத வராது, அதனால் தமிழிலேயே வாங்கிக்கொள்.

பழைய தர்மாமீட்டர் விழுந்து உடைந்துவிட்டது என்று தை மாதம் ஒரு வரி எழுதியிருந்தேன். நீயும் ஜெர்மனியிலிருந்து புதிது அனுப்பினாய், கூடவே ஒரு சட்டை, சாக்லேட்டு டப்பா. கடிதம் மட்டும் இல்லை, பார்சலை உதறி உதறிப் பார்த்தேன். அளவு பார்க்கும் கருவி செய்கிற கம்பெனியில்தானே உனக்கு வேலை, அங்கே காய்ச்சலுக்கு ஒரு கணக்கு, இங்கே வேறு கணக்கு என்று உனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்ததெல்லாம் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. மேலே போனால் காய்ச்சல், கீழே இறங்கினால் உடம்பு சில்லிட்டுப்போகிறது. போன மாதம் இருபத்தேழாம் தேதி அப்பா ஜவுளிக்கடையிலிருந்து மதியமே திரும்பிவந்து, குளிருகிறது என்று நடுங்கிக்கொண்டே படுத்தார். உன் தர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தேன், நாற்பதில் நின்றது. தொண்ணூற்றெட்டு இருக்க வேண்டிய உடம்பு நாற்பதுக்குச் சில்லிட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்தி, இரண்டு கம்பளியைப் போர்த்தி, தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்து, சுக்குக் கஷாயத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். எரிகிறது, எடு எடு என்று அவர் கம்பளியைத் தள்ளினார், நான் அதட்டித் திரும்பவும் போர்த்தினேன். மறுநாள் அது நாற்பத்தொன்றுக்கு ஏறியபோது வைத்தியம் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கேட்டாயா, சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் உன் தங்கை நாகமணி திருப்பரங்குன்றத்திலிருந்து வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் தெருமுனை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் விருமாண்டியைக் கூட்டிவந்தாள். என்னக்கா இப்பிடிப் பொத்தி வச்சிருக்கீங்க, ஆளு வெந்துக்கிட்டுல்ல இருக்காரு, இது சென்டிகிரேடுக்கா என்று கத்திக்கொண்டே அவர் கம்பளியை உருவி எறிந்தார். பிறகு மருந்துச் சீட்டின் பின்னால் எனக்குக் கணக்கு எழுதிக் காட்டினார். ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு. நாற்பத்தொன்று என்றால் நம் கணக்கில் நூற்றைந்து புள்ளி எட்டு. கஜத்தை மீட்டராக்குவது உன் அப்பாவுக்குத் தூக்கத்திலும் வரும், நினைவோடு இருந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். டைபாய்டாம், பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். இப்போது நான் உனக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். வெள்ளி மதியம் பன்னிரண்டிலிருந்து சனி சாயங்காலம் ஆறு வரை முப்பது மணி நேரம், நிமிடமாக்கினால் ஆயிரத்து எண்ணூறு, அத்தனை நிமிடமும் அந்த மனிதரை வேகவைத்தேன். அம்மா, இதில் முப்பத்தேழு இருந்தால் சரி என்று எழுத உனக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா?

அவர் நெற்றியில் கை வைத்துப் பார்க்காமல் இல்லை. தோசைக்கல் மாதிரி சுட்டது. மூன்று பிள்ளை பெற்று ஒன்றைக் காய்ச்சலுக்குக் கொடுத்த கை, அதற்குத் தெரியாதா? ஆனாலும் கையை நம்பாமல் கண்ணாடிக் குழாயை நம்பினேன், என் பிள்ளை அனுப்பியது தப்பாகச் சொல்லாது என்று நினைத்தேன். உன்னைத் திட்ட நான் இருக்கிறேன், என்னைத் திட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் எதுவும் ஞாபகமில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மகன் அனுப்பிய தர்மாமீட்டர் இருந்ததால் பிழைத்தேன் என்று பெட்டியைத் திறந்து காட்டுகிறார், நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்கிறேன். விருமாண்டியிடமும் நாகமணியிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவர் தூங்கும்போதுதான் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. மீனாட்சி உன்னை நல்லபடியாக வைக்கட்டும், நான் திட்டியது எதுவும் உன்மேல் பலிக்க வேண்டாம். உடனே பதில் போடு, ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அதில் இருக்கக் கூடாது. உன் கடிதம் வந்தால் அப்பாதான் பிரிப்பார், எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் அடங்காத உன் அம்மா
சூடாமணி