அரை மணி நேரத்தில் ஒரு முகம்

சிற்பி அவர்களுக்கு, உங்கள் மனைவி எழுதிக்கொள்வது.

நான் நலம். உங்கள் நலத்தைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். பட்டறைக் கூரை இந்த மழைக்கும் ஒழுகுகிறது. சூளைக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். மகளுக்கு இது ஏழாம் மாதம். கால் வீக்கம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். அப்பா விசாரித்தாரா என்று அவள் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அடுத்த மாதம் உங்கள் கண்காட்சிக்குப் பழைய சுடுமண் தலைகள் வேண்டுமாம். முதலில் உயிருள்ளது போன்ற முகம், அப்புறம் கண்ணில்லாத முகம், அப்புறம் விரலில்லாத கை, கடைசியில் ஓட்டை போட்ட கல் என்று வரிசையாக வைக்கப்போகிறார்களாம். "ஒவ்வொண்ணா விட்டுட்டே வந்திருக்காரும்மா, என்ன துணிச்சல் பாருங்க" என்றார். டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நமக்கு மட்டும்தான் தெரியும். உடம்பு உங்கள் வேலை, முகமும் கைவிரல்களும் என் வேலை. கழுத்துக்கு மேலே உங்களுக்குக் கை ஓடாது. கல்யாணமான புதிதில் ஒரு நீதிபதியின் தலை பூசணிக்காய் மாதிரி வந்து, நீங்கள் உட்கார்ந்து அழுதீர்கள். அதைச் சரிசெய்தவள் நான். அப்புறம் பதினோரு வருஷம் எல்லா முகமும் நானே செய்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை, நம் வேலை என்றுதான் நினைத்தேன். ஒரு பேட்டியில் மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "மண்ணு பிசைஞ்சு குடுப்பா" என்றீர்கள்.

மறுநாள் கண் வைப்பதை நிறுத்தினேன். கண்ணில்லாமலே அனுப்பினீர்கள், பரிசு கொடுத்தார்கள். விரல்களை நிறுத்தினேன், அதைவிடப் பெரிய பரிசு. பட்டறைக்கு வருவதையே நிறுத்தினேன். நீங்கள் கல்லில் ஓட்டை போட்டீர்கள். வெளியூரிலிருந்து அழைப்பு வந்தது, போனவர் திரும்பவில்லை. கல் நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். உங்களுடையது இருபது வருஷம் ஓடிவிட்டது.

தலைகளைக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு வேலை தெரிகிறது. சூளையில் வெடிக்காமல் இருக்கத் தலையை உள்ளே குடைய வேண்டும், முகம் செய்தவர்தான் குடைவார், எங்கே கனம் எங்கே மெல்லிசு என்று அவருக்குத்தானே தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாத் தலைக்குள்ளும் ஒரே கட்டைவிரல் பதிவு, குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. யாருடையது என்று கேட்டார். என் இடது கையை டீத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, சிற்பியே திறப்பு விழா மேடையில் சொல்வார் என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். "அரை மணி நேரத்துல ஒரு முகம் செஞ்சிடுவார், கூட்டத்துக்கு முன்னாடியே செய்யச் சொல்லுங்க." துள்ளிக் குதிக்காத குறை. அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது, இதனுடன் வைத்திருக்கிறேன். எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டும் என்றார். நானே வருகிறேன் என்றேன்.

மகள், "போதும்மா, விட்டுத் தள்ளு" என்கிறாள். என் ஆத்திரம் சுட்ட மண் மாதிரி ஆகிவிட்டது, இனி எந்தத் தண்ணீரிலும் கரையாது.

மேடையில் அந்த விரல் யாருடையது என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லலாம். வாய் வரவில்லையென்றால் மண் தயாராக இருக்கும். அரை மணி நேரம் நீங்கள் என் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எனக்கு நினைவில்லை. மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். அன்றைக்கு உங்கள் கை நடுங்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண் பிசைந்து கொடுத்தவள்