உன் செத்தவீட்டில் நான் வாசிக்காத புளூஸ்

என் குகனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானங்களை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் கடைவளாகத்துக்குள் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இந்த அந்நிய நாட்டில், அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் யாரும் இல்லை. சில வாரங்களில் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசுவதில்லை, தெரியுமா?

நீ ஓட்டிய பஸ்ஸில் நான் கித்தாரோடு ஏறிய நாளை அடிக்கடி நினைக்கிறேன். "தமிழோ? உதிலை என்ன வாசிப்பீர்?" என்று கேட்டாய். "பழைய புளூஸ்" என்றேன். பின்னால் ஆட்கள் ஏறக் காத்திருக்க, நீ முழுசாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு இப்படி ஒரு சிநேகிதன் கிடைப்பான் என்று நான் எண்ணியதே இல்லை.

சனிக்கிழமைகளில் மவுண்ட் ரோஸ்கில்லில் உன் கராஜில் எத்தனை சண்டை! அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்தப் பாட்டில் நீ மிசிசிப்பிக் கட்சி. பருத்திக்காட்டில் உழைத்துக் களைத்த ஒருவன் உடைந்த போத்தல் கழுத்தைக் கித்தார்க் கம்பியில் தேய்த்து அழவைக்கும் பாட்டுதான் உனக்குப் பாட்டு. நான் ஜார்ஜியா, கரோலினாப் பக்கம். அங்கே கட்டைவிரல் நிதானமாகத் தாளத்தை நடத்திப் போக, மற்ற விரல்கள் துள்ளும்.

"உன்ரை ஆக்கள் கவலையையும் சிரிச்சுக்கொண்டெல்லோ சொல்லுறாங்கள்" என்பாய்.

"அதுல என்னடா தப்பு?" என்பேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மச்சான், என்ரை செத்தவீட்டிலை நீ ஒரு பாட்டு வாசிக்கோணும். ஓம் எண்டு சொல்லு." என் வாயில் வரும் 'ஆமா'வை விட்டு, உனக்காக ஓம் என்றே சொன்னேன்.

நான் வாசிக்கவில்லை, குகா. கித்தார் காரில்தான் இருந்தது. உன் அண்ணா தேவாரம் பாடி முடித்தார். மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் எழுந்து வெளியே போய்ப் பெட்டியை எடுத்து வர எனக்குத் துணிச்சல் வரவில்லை. சனம் என்ன நினைக்குமோ என்ற வெட்கம். யாரும் தடுக்கவில்லை, நானேதான் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் திறக்கவும் இல்லை.

போன சனிக்கிழமை உன் மகள் மது கூப்பிட்டாள். வீட்டை விற்றுவிட்டுப் பாபகூராவுக்குப் போகிறாளாம். "அங்கிள், அப்பாவின் இசைத்தட்டுகள் என்ன வரிசையில் இருக்கின்றன என்றே புரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். போனேன். நீ ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தாய்.

எல்லாம் புளூஸ்தானே, எதற்காகப் பிரிக்க வேண்டும் என்று கேட்டாள். "யாழ்ப்பாணத்திலை ஒரு மாதிரிக் கதைப்பினம், மட்டக்களப்பிலை வேறை மாதிரி. பாட்டும் அப்பிடித்தான்" என்று நீ சொல்வாயே, அதையே சொன்னேன். டெக்சாஸ்காரனின் தட்டு ஒன்றைப் போட்டேன். அவன் ஒரு வரி பாடிவிட்டு நிறுத்த, கித்தார் தனியாகப் பதில் சொன்னது. இரண்டு மூன்று வரி கேட்டுவிட்டு மது என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் வாசிப்பீர்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் காத்துக்கொண்டே இருந்தேன், அங்கிள்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து காரை எடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கித்தாரோடு திரும்பி வந்தபோது அவள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

காலியான உன் கராஜில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வாசித்தேன். உனக்குப் பிடித்த மிசிசிப்பி முறையில்தான். விரல் மரத்துப்போயிருந்தது, இரண்டு இடத்தில் சுருதி தப்பியது. மது அழுதாள். முடிந்ததும், "தமிழிலை சொல்லுங்கோ, அப்பா இதைக் கேக்கேக்கை என்ன செய்வார்?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ் அது. "என் வாசிப்புல குறை சொல்லுவான்மா" என்றேன். சிரித்தாள்.

இப்போது நீ குறை சொல்ல இல்லை. எவ்வளவு நன்றாக வாசித்தாலும் கராஜின் அந்தப் பக்கம் நீ உட்காரும் நாற்காலி இல்லை. அதற்கு நான் பழகவில்லை, பழகுவேன் என்றும் தோன்றவில்லை.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு பாபகூரா ரயிலில் போவேன், மது கேட்க நினைக்கும்வரை வாசிப்பேன். இந்த முறை யார் பார்த்தாலும் எழுந்து நிற்பேன், குகா.

தாமதமாக வந்த உன் மச்சான்,
முரளி