சூடு ஆறாமல் எடுத்த எழுத்துகள்

மதிப்புக்குரிய கணவருக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவில்லை. உங்களுக்கு நலம் குறைந்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. துறைமுகத்தில் கிரேனை விட்டு இறங்கக்கூட நேரமில்லை என்று போன முறை போனில் சொன்னீர்கள். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பது இதில் எனக்குள்ள வசதி.

மகளின் பிறந்தநாளுக்கு வருகிறேன் என்றீர்கள். உங்களுக்குப் பதில் ஒரு பெட்டி வந்தது. பரவாயில்லை, பெட்டியாவது சொன்ன நாளில் வந்து சேர்ந்ததே! உள்ளே மிளகு அளவில் பிளாஸ்டிக் மணிகள், கொட்டிக் கிடந்தன. முளை முளையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தட்டில் அவற்றை ஒவ்வொன்றாகச் செருகி, எழுத்து வடிவத்தில் அடுக்க வேண்டுமாம். மேலே மெழுகுத் தாளைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், மணிகள் உருகி ஒட்டிக்கொண்டு எழுத்தாகிவிடுமாம். பொண்டாட்டி வாசல் அறையில் இஸ்திரிக் கடை போட்டு நாள் முழுக்க ஊரார் துணியைத் தேய்க்கிறாள் என்று தெரிந்தும், தேய்த்து விளையாடுகிற சாமானாகப் பார்த்து அனுப்பினீர்கள் பாருங்கள், உங்கள் ரசனையே ரசனை.

மகள் தன் பெயரில் இரண்டு எழுத்தை அடுக்கிவிட்டு அலுத்துப் போனாள். பிறகு அதைக் கையில் எடுத்தவர் உங்கள் அருமை அண்ணன். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்து, ஆளில்லாமல் ஓடும் லிஃப்ட் வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, உங்கள் சொல்லுக்காக நான் பின்னறையில் வைத்திருக்கும் அதே அண்ணன்தான். அந்த மனிதர் வாழ்க்கையில் மேலே போனதெல்லாம் அந்த லிஃப்டுக்குள்தான். இப்போது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புருவம் திருத்தும் இடுக்கியால் மணி பொறுக்கி, ஏதோ ஆபரேஷன் செய்கிற தோரணையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருமினால்கூட முறைக்கிறார்.

நம் எழுத்தெல்லாம் வளைந்து சுழிந்து போகிறவை. இந்தக் கட்டம் போட்ட தட்டில் அவை படிக்கட்டு மாதிரிதான் வரும். புள்ளி வைத்த எழுத்து என்றால் இன்னும் வேடிக்கை. எழுத்து ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். புள்ளி எதோடும் ஒட்டாமல் உருண்டு போய்விடும். துடைப்பத்தால் எத்தனை புள்ளிகளைக் கூட்டித் தள்ளியிருக்கிறேன் தெரியுமா?

இதற்கு அவர் எடுப்பது என்னுடைய கடை இஸ்திரிப் பெட்டியை. ஒருநாள் மெழுகுத் தாள் தீர்ந்துவிட்டதென்று அப்படியே மணி மேல் வைத்துத் தேய்த்திருக்கிறார். அடியில் ஒட்டிய சிவப்புப் பிளாஸ்டிக்கைக் கவனிக்காமல் நான் நர்ஸம்மாவின் வெள்ளைக் கோட்டைத் தேய்த்துவிட்டேன். நெஞ்சுக்கு நேராகச் சிவப்புத் தீற்றல். "இதைப் போட்டுட்டுப் போனா நோயாளியெல்லாம் எந்திரிச்சு ஓடிருவாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அதற்கப்புறம் நம் கடைக்குத் துணி கொடுக்கவில்லை. அன்று உங்கள் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் மகளுக்கு ஓர் ஆசை. "எல்லார் வீட்டு வாசல்லயும் அப்பா பேர் இருக்கு, நம்ம வீட்டுல மட்டும் ஏன் இல்ல? பெரியப்பா, எனக்கு அப்பா பேர் செஞ்சு குடுங்க" என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். அவரும் அடுக்கினார், தேய்த்தார். எழுத்தெல்லாம் பொரித்த அப்பளமாக வளைந்து போயின. மறுபடி செய்தார், மறுபடி வளைந்தது. இந்த ஆளுக்கு இதுகூட உருப்படியாக வராதா என்று நான் சிரித்தேன். உங்கள் பெயர் நேராக நிற்க மறுக்கிறது என்று மகளிடம் கேலியும் செய்தேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. அதே மணி, அதே பெட்டி. அவரே செய்து முடித்த மகளின் பெயர் மட்டும் சுவரில் தட்டையாக, அழகாக ஒட்டியிருக்கிறது. அது எப்படி? போன ஞாயிறு சட்டைகளை மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தேய்த்து முடித்த கையோடு, கொதிக்கக் கொதிக்க, எழுத்தைத் தாளிலிருந்து உரித்து எடுத்தார். சூடு ஆறும்வரை மேலே கனம் வைத்திருந்தால்தான் அது தட்டையாக நிற்கும். மகளின் பெயருக்கு அவள் பாடப் புத்தகங்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தவர் இவர்தான். தெரியாமல் செய்கிற காரியம் இல்லை இது.

ஏன் என்று கேட்டேன். இடுக்கியைக் கீழே வைத்தார். "நேரா வந்துட்டா வாசல்ல மாட்டச் சொல்லுவாம்மா பாப்பா. அவன்தான் இனிமே வரமாட்டானே" என்றார்.

மிச்சத்தையும் சொன்னார். அங்கே உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறதாம். வீட்டில் ஒரு பெண்ணும் இருக்கிறாராம். போன மழைக்காலத்திலேயே அண்ணனிடம் சொல்லி, "நீயே பக்குவமா அவகிட்ட எடுத்துச் சொல்லிரு" என்றீர்களாம்.

டன் கணக்கில் சரக்கைத் தூக்கி இறக்குகிறவர், ஒரு வார்த்தையை என் எதிரில் இறக்கிவைக்கத் துணியவில்லை. லிஃப்ட்காரரை மேலே அனுப்பிவிட்டு நீங்கள் கீழேயே நின்றுகொண்டீர்கள். அவராவது வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார். நான் அழுதேன், பொய் சொல்லவில்லை. கடையைச் சாத்திவிட்டு, மடித்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். உங்களை நினைத்து இல்லை. இவ்வளவு அற்பமான ஒரு மனிதருக்காக ஒவ்வொரு விடுமுறைக்கும் போர்வையைத் துவைத்துக் காயவைத்தேனே, அதை நினைத்து.

உங்கள் அண்ணன் இங்கேயே இருப்பார். மாதக்கணக்கில் வாயைத் திறக்காததற்கு அவரை நான் மன்னித்துவிடவில்லை. ஆனாலும் பின்னறை அவருடையதுதான். என் இஸ்திரிப் பெட்டியை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பெயரைக் கடைசியில் நானே தேய்த்தேன். என் தொழில் அதுதானே. இரண்டு பக்கமும் தேய்த்து, மேலே மடித்த துணிக் கட்டை வைத்து, நன்றாக ஆறவிட்டு எடுத்தேன். ஒரு வளைவு இல்லை. இத்துடன் பார்சலில் வருகிறது. இங்கே அதை மாட்ட இடமில்லை, அந்த வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளுங்கள்.

முதல் எழுத்து மட்டும் இருக்காது, தேட வேண்டாம். நான் பொட்டலம் கட்டுவதற்குள் மகள் அதை எடுத்துக்கொண்டு போய், சுவரில் தன் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டாள். "இது என் இன்ஷியல், யாருக்கும் தரமாட்டேன்" என்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவளிடம் நீங்களே பேசுங்கள், அண்ணனை அனுப்பாதீர்கள், என்னையும் சொல்லச் சொல்லாதீர்கள். உங்களிடம் வேறு எதுவும் நான் கேட்கப் போவதில்லை. என்ன சொன்னாலும், அந்த ஓர் எழுத்தை அவளிடமிருந்து திருப்பிக் கேட்காத மாதிரி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா