காலிப் பெட்டி ஆடக்கூடாது

ஜனவரி 14, ஞாயிறு

நான் அடுப்பெரிக்கிற பள்ளிக்கூடத்தில் உடைந்த மேசைகளை எல்லாம் கொதிகலன் அறைக்குப் பின்னால் குவித்திருக்கிறார்கள். "எர்மெக், எல்லாத்தையும் அடுப்புல போட்டுடு" என்றார் தலைமையாசிரியர். நல்ல பைன் பலகைகள். மேலே பச்சைப் பெயின்ட், அடியில் எந்தக் காலத்துப் பையன்களோ கத்தியால் கீறிய பெயர்கள். எரிக்க மனம் வரவில்லை. தேறியதைச் சறுக்குவண்டியில் ஏற்றி வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

என் மனைவி நாசிபா படுத்தபடியே கேட்டாள். "இது எதுக்கு?"

"சாமான் பெட்டி செய்யலாம்னு. சுத்தி ஒரு மூலையில, உளி ஒரு மூலையில கெடக்குது."

"செய், செய். நாள் முழுக்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு அது மேல்."

உண்மைதான். அவள் முகம் சுளித்தாளா, கை ஏன் வயிற்றுக்குப் போனது, ஏன் இன்று டீ குடிக்கவில்லை — எனக்கு வேறு வேலையே இல்லை. இது ஐந்தாம் மாதம். முதலாவது மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டாவது பிறந்தது. ஒரு பகல் இருந்தது.

அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜனவரி 18

ஆணிகளைப் பிடுங்கவே இரண்டு சாயங்காலம் ஆயிற்று. துருப்பிடித்த தலைகள் கையோடு வந்துவிடுகின்றன, உடம்பு உள்ளேயே நின்றுவிடுகிறது. அது தெரியாமல் ரம்பத்தை வைத்தால் பல் போயிற்று.

பிறக்கப் போகும் பிள்ளைக்கு எதுவும் செய்யக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒரு குட்டிக் காலுறைகூடப் பின்னக்கூடாது, பெயர் யோசிக்கக்கூடாது. பரணில் இருக்கிற தொட்டிலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. எல்லாம் பிறந்த பிறகுதான். பெண்களுக்குப் பரவாயில்லை, மாவு பிசைகிறார்கள், பால் கறக்கிறார்கள். நான் இந்தக் கைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? பெட்டி செய்கிறேன்.

ஜனவரி 23

பக்கப் பலகை இரண்டு, அடிப்பலகை ஒன்று. முன்னும் பின்னும் வைக்கிற பலகைகளைக் கொஞ்சம் உயரமாக விட்டு, மேல்பக்கம் வளைவாக அறுத்தேன். இரண்டிலும் ஓட்டை போட்டு உடைந்த மண்வெட்டிக் காம்பைக் குறுக்கே செருகினால் தூக்கிப்போகக் கைப்பிடி. மூடி வேண்டாம், எதை எடுக்கவும் கை நேராகப் போக வேண்டும். பெயின்டை இழைத்து எடுத்ததும் உள்ளே மரம் பால் மாதிரி வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 27, சனி

இதை எழுதக்கூடாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பசை காய்ந்திருந்தது. பெட்டியைத் தரையில் வைத்தேன். ஒரு மூலை உட்காரவில்லை. எந்த மூலை என்று பார்க்கக் கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். டக், டக், டக். அடிப்பலகை லேசாக முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று யோசித்தபடியே ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பாத்மா அண்ணி ரொட்டி கொண்டு வந்தாள். அண்ணன் வீடு அடுத்த வேலிதான், கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லை. எப்போதும் "என்ன கடைக்குட்டி, இன்னைக்காவது முகம் கழுவினியா?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழைவாள். இன்று சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கையை எடு."

"என்ன அண்ணி?"

"கையை எடுடா பாவி! காலித் தொட்டிலை ஆட்டறியே, உனக்கு அறிவிருக்கா?"

"இது தொட்டில் இல்ல அண்ணி, சாமான் பெட்டி..."

"எனக்குக் கண்ணு இல்லையா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டு முனையிலும் வளைந்த பலகை. குறுக்கே பிடிகம்பு. பரணில் இருக்கிற தொட்டிலுக்கும் இதற்கும் அளவு ஒன்றுதான் வித்தியாசம். நான் படுத்த தொட்டில், என் அண்ணன் படுத்த தொட்டில். பெட்டி செய்ய நினைத்த என் கைக்கு வேறு உருவமே தெரியவில்லை போலிருக்கிறது.

பிறக்குமுன் தொட்டில் செய்தேன். போதாதென்று காலியாக ஆட்டவும் ஆட்டினேன்.

அண்ணி மூன்று முறை துப்பினாள். ரொட்டியை என் மேல் எறியாத குறையாக மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் அழுததைப் பார்த்தேன். இரண்டாவது குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றியது அவள்தான்.

ஜனவரி 28

முட்டாள்தனம். பெட்டி பெட்டிதான். போன தடவை ஒன்றும் முன்கூட்டிச் செய்யவில்லையே. அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோமே, என்ன கிடைத்தது?

பெட்டியைக் கொட்டகையில் ஒரு சாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாக்கு அசைந்ததா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

பிப்ரவரி 2

நாசிபா இடுப்பு வலிக்கிறது என்றாள். பிறகு இல்லை என்றாள். எதை நம்புவது?

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் கட்டிலில் ரத்தம். கொஞ்சம்தான். கொஞ்சம்தான் என்று அவள்தான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இங்கே வைத்துக்கொள்ள முடியாது, நாரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஊர் நர்ஸ் சொல்லிவிட்டாள். டொலோன் கணவாயில் பனிக்காற்று. எதிரே லாரி வருகிறதா மலை வருகிறதா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டினான். நாசிபா கண்ணை மூடியிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கடவுளே நான்தான் ஆட்டினேன், அவ ஆட்டலே, நான்தான் ஆட்டினேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். வாய்விட்டுச் சொன்னேனா தெரியவில்லை.

குழந்தை உள்ளே இருக்கிறது. பிறக்கும்வரை அவள் அங்கேயே படுத்திருக்க வேண்டுமாம். எழுந்து நடக்கக்கூடாது.

பிப்ரவரி 6

நான் வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணி கேட்டது ஒன்றுதான். "அதை இன்னும் எரிக்கலையா?"

கோடாலியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சாக்கை எடுத்தேன். ஓங்கினேன். ஓங்கியபோது இன்னொரு பயம். காலித் தொட்டிலை ஆட்டுவதே கூடாது என்றால், தொட்டிலை உடைப்பது? எரிப்பது? அதற்கு என்ன பலன்?

வைத்திருக்கவும் பயம், உடைக்கவும் பயம். அந்தக் குளிரில் கோடாலியும் கையுமாக நான் நின்ற கோலத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நாசிபாவுக்கு ஃபோன் போட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான்.

"எங்க நிக்கறே? காத்து சத்தம் கேக்குது."

"கொட்டகையில."

"பெட்டிகிட்டயா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது அவளுக்குத் தெரியாமலா இருக்கும். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு எர்மெக்" என்றாள். "ஆனா இங்க படுத்துக்கிட்டு உன் பயத்தையும் சேத்துச் சுமக்க முடியாது. காலியா இருக்கறதுதானே தப்பு? ரொப்பு. சுத்தி, உளி, ஆணி, என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் போடு. சுத்தியைப் படுக்க வச்சுட்டா எவ வந்து தொட்டில்னு சொல்றான்னு பாப்போம்."

போட்டேன். கனம் ஏறியதும் மூலை சரியாக உட்கார்ந்தது. காலால் தள்ளிப் பார்த்தேன். ஆடவில்லை.

பயம் போயிற்று என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 11

பெட்டியைக் கொதிகலன் அறைக்குத் தூக்கிப் போகிறேன், வருகிறேன். வேலையாக உளியை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் ஒரு கரித்துண்டையாவது வைத்துவிடுகிறேன். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மார்ச் 30

நாசிபா ஃபோனில் சிரித்தாள். உதைக்கிறதாம். நான் ஓஹோ என்றேன். வேறெதுவும் சொல்லத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 19

நாள் இருக்கும்போதே பிறந்துவிட்டது. பெண். அறுத்துத்தான் எடுத்தார்கள். இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

இருக்கிறார்கள்.

ஏப்ரல் 21, சனி

பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடுவதில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று கத்த வேண்டியதுதான். என்னோடு இன்னும் சில அப்பாக்கள். ஒருவன் நல்ல போதையில் தரையில் சாக்குக்கட்டியால் மகன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். நாசிபா மேலே ஜன்னலில் தெரிந்தாள். முகம் வெளுத்திருந்தது. குழந்தை கண்ணாடிக் கூட்டுக்குள் சூட்டில் இருக்கிறது, இன்னும் அவள் கையிலேயே தரவில்லை. எவ்வளவு பெரிது என்று இரண்டு கையால் காட்டினாள். கைகளுக்கு நடுவே இடமே இல்லை.

சாக்குக்கட்டிக்காரன் கேட்டான். "உனக்கென்ன, மகனா மகளா?"

"பொண்டாட்டியைப் பாக்க வந்தேன்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று இருக்கிறது.

மே 16

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அண்ணி பெயர் வைத்தாள், துர்துகுல். உதிராமல் நின்றுவிட்ட பூ என்று அர்த்தம். பழைய காலத்துப் பெயர் என்று நாசிபா முகத்தைச் சுளித்தாள். ஆனால் மறுக்கவில்லை. பரணில் ஏறி நானே தொட்டிலை இறக்கினேன். மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து நான் மூச்சு விட மறக்கிறேன்.

மே 28, திங்கள்

நாளைக்குத் துர்துகுலின் நாற்பதாம் நாள். நாற்பது கரண்டி தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டி, நாற்பது வீட்டுத் துணித்துண்டில் தைத்த சட்டை போட வேண்டும். துணி வாங்கி வருவது பெண்கள் வேலை. அண்ணி முழங்கைவரை மாவோடு நின்றாள்.

"நீ போ கடைக்குட்டி."

"ஆம்பளை போவானா அண்ணி?"

"எங்க எல்லாரையும்விட அதிகமா பயந்து செத்தவன் நீதானே. நீயே போ."

முதலில் தலைமையாசிரியர் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தாள். துணித்துண்டு வேண்டும் என்றேன்.

"யாருக்கு?"

"சட்டை தைக்க... நாளைக்கு எங்க வீட்டுல..."

"அது தெரியும். யாருக்குன்னு கேக்கறேன். சொன்னாத்தான் வெட்டுவேன்."

கையில் கத்தரிக்கோலோடு சிரித்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாளில் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"என் மகளுக்கு."

ஜன்னல் திரையின் ஓரத்தை அப்படியே வெட்டிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்தடுத்த வீடுகளில் கம்பளிக் கோட்டின் உள்துணி, கல்யாண முக்காட்டின் ஓரம், யாருடைய சட்டையோ, பூப்போட்ட தலையணை உறை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கடைசி வீடு கிழவர் ஷெய்ஷென் வீடு. அவருக்குக் காது மந்தம். ஒரு முறை சொன்னேன், கேட்கவில்லை. கத்தினேன். புரிந்துகொண்டு தலையாட்டி, தன் தோள்துண்டின் முனையைக் கிழிக்க ஆரம்பித்தார். மூன்றாவது முறை கத்தத் தேவையே இல்லை. இருந்தாலும் கத்தினேன்.