முதற்பக்கத்தில் நின்ற என் கடை

மச்சான்,

கடைக்குப் புதிதாக இணையப் பக்கம் செய்யும் பெண் இன்று காலை மாதிரியைக் காட்டினார். திறந்ததும் திரை முழுக்க என் புடவைக்கடையின் படம். "படத்த எடுங்க" என்றேன். அவருக்குக் காரணம் விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

சுனாமியில் கடல் ஏறிவந்த கிழமை நம் கடைத்தெரு தப்பியது. முகாம் முகாமாக எழுதி வந்த, உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை, வெளிநாட்டு உறவுகள் பார்க்கட்டும் என்று உன் கொம்பியூட்டர்க் கடையிலிருந்து இணையத்தில் ஏற்றினாய். முகப்பில் என் கடைப் படத்தைப் போடச் சொன்னேன்.

"சனம் பேரைத் தேடி வருகுது. உன்ட கடையப் பார்க்கவா வருகுது?"

"என்ட கடையக் கண்டாத்தான் நம்புவாங்க. கல்முனையில தெரியாத ஆளா நான்?"

பாதி உண்மை, மீதி விளம்பரம். பெயர்களுக்குப் போகும் பொத்தான் படத்துக்கும் கீழே, கண்ணில் படாத இடத்துக்குப் போயிற்று. "இத ஆர் இழுத்துப் பார்க்கிற?" என்றாய். நான் விடவில்லை.

குவைத்தில் வீட்டு வேலை செய்த என் தங்கை, எஜமானியின் மகளிடம் கெஞ்சி அதைத் திறந்திருக்கிறாள். ஏதோ புடவைக்கடை என்று அந்தப் பிள்ளை மூடிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் தொலைபேசியில் கிடைத்தாள்.

"காக்கா, ஒங்கட கடதான் வந்திச்சி. எண்ட புள்ளட பேரு வரல்லயே. மவுத்தாப் பெய்த்தாளா?"

அவள் மகள் உயிரோடு என் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

நீ என்னைக் குத்திக் காட்டவில்லை. படத்தைத் தூக்கிவிட்டு, பெயர் தேடும் பெட்டியை உச்சியில் வைத்தாய். "பேர் இல்லையெண்டாலும் இல்லையெண்டு உடன சொல்லோணும் மச்சான். ஆக்கள அலைய விடப்படாது."

பிறகு மனைவியின் ஊரென்று வன்னிக்குப் போனாய். போர் முடிந்ததும் உன்னைத் தேடி வவுனியா முகாம்களுக்குப் போனேன். பலகையில் ஒட்டிய பட்டியல்களில் அகரவரிசையும் இல்லை, ஊர்வரிசையும் இல்லை. விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். முடிந்ததும் முதலிலிருந்து வாசித்தேன். மூன்றாம் நாள் உன் மனைவியைக் கம்பிவேலிக்கு அப்பால் கண்டேன். "அவர் வரல்ல அண்ணா. நாங்கதான் மண் போட்டம்" என்றார்.

இன்று அந்தப் பெண் படத்தை எடுத்துவிட்டுத் தேடும் பெட்டியை மேலே வைத்துத் தந்தார். "வேலை செய்யுதா எண்டு பார்க்க ஏதாச்சும் எழுதுங்க சேர்" என்றார். புடவை, சாரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. உன் பெயரை எழுதினேன்.

இல்லை என்று உடனே சொன்னது.