கன்னத்தில் பட்ட கலப்பு

தம்பிக்கு,

உன் கிடங்கிலிருந்து வந்த நாற்பது கட்டுத் துணியில் பதினொன்றை இன்று காலை திருப்பி அனுப்பிவிட்டேன். பருத்தி என்று எழுதியிருந்தாய். பதினொன்றும் பாலியஸ்டர் கலப்பு.

போனில், "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து கட்டியைக் கரைத்தது. பசி வந்தது, தூக்கம் வந்தது. ஆனால் விரல் நுனி மரத்துப்போனது. சட்டைப் பொத்தானைக்கூட உன் அண்ணிதான் போட்டுவிடுகிறாள். கண்ணை மூடித் துணியைத் தடவியே தரம் சொன்னவன் நான். விரல் மரத்தது தெரிந்துதானே நாலு வியாபாரிகள் முன்னால் கலப்புத் துணியை என் கையில் கொடுத்தாய்? நான் "சுத்தப் பருத்தி" என்றதும், "கோணியக் கொடுத்தாலும் அண்ணன் பட்டுன்னுதான் சொல்வாரு" என்று சிரித்தாய். அன்றோடு அவர்கள் என்னிடம் தரம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் முகம் துடைக்கும்போது துண்டின் சொரசொரப்பு கன்னத்தில் நன்றாகத் தெரிந்தது. துணியைக் கன்னத்தில் வைத்தே தரம் பார்க்க ஒரு மாதம் பழகினேன். "பொண்டாட்டி பக்கத்துல இருக்கா, துணியக் கொஞ்சறீங்களே!" என்றாள் உன் அண்ணி.

சந்தை முழுக்க உன் பேரை நான் கெடுக்காமல் இருக்க, நீ போனில் ஒப்புக்கொண்டதை எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அதே நாலு பேரை நீயே கூட்டி வருவாய். திருப்பி அனுப்பிய பதினொன்றையும் கொண்டுவந்து, நாற்பது கட்டையும் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாக என் கன்னத்தில் வைப்பாய். நான் கலப்பு என்று சொல்லும்போதெல்லாம், "ஆமாண்ணே, நான்தான் ஏமாத்தினேன்" என்று உரக்கச் சொல்வாய். பதினொரு தடவை.

உன் அண்ணன்