ஐந்து தட்டுச் சீர்

14 ஜூன் 1943, திங்கள்

காலையில் கத்திரிச் செடிக்குத் தண்ணீர் இறைத்தேன். பிறகு தாலுக்கா ஆபீசுக்குப் போய் வெயிலில் நின்று, கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினேன். தொள்ளாயிரம் ரூபாய். எங்கள் ஏரிக்கரை நிலம் இனிமேல் பட்டாளத்துக்குச் சொந்தம். ஆவடிப் பக்கம் முழுக்கக் கொட்டகை போடுகிறார்கள். அப்பா நெல் அடித்த களத்தில் லாரி நிற்கப் போகிறது. நிற்கட்டும், சண்டைக்கா போக முடியும்?

இனி மிச்சம் கிணற்று மேடு ஒன்றுதான். அதுவும் பூந்தமல்லி மண்டிக்காரர் துலுக்கானத்திடம் அடமானத்தில் கிடக்கிறது. அப்பா செத்தபோது கருமாதிச் சோறு போட வாங்கிய அறுநூறு இன்று வட்டியோடு எண்ணூற்று நாற்பது. தின்றவர்கள் பாயசத்தில் முந்திரி குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தை மாதம் தவணை முடிகிறது. தாண்டினால் நிலம் அவருடையது.

இந்தப் பணத்தில் நிலத்தை மீட்டுவிட வேண்டும். நாளைக்கே என் மனசு மாறினாலும் மாறும், அதனால் எழுதி வைக்கிறேன்.

20 ஜூன்

இன்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மாடு விற்க, ஒருவர் சீட்டில் சேர்க்க, ஒருவர் சும்மா என்னைப் பார்த்துவிட்டுப் போக. சும்மா வந்தவர்தான் அதிகம் சாப்பிட்டார்.

2 ஜூலை

கரையான்சாவடியிலிருந்து எத்திராஜ் வந்தார். என் தங்கை கன்னியம்மாளின் புருஷன். மாட்டுவண்டி வைத்து பட்டாளத்து டிப்போவுக்குச் சாமான் ஏற்றுகிறார். நல்ல சேதி! அவர்கள் மகள் வசந்தா பெரியவளாகிவிட்டாள். எனக்கும் தாட்சாயிணிக்கும் பிள்ளை இல்லை. எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே குழந்தை அவள்தான். தாட்சாயிணி சர்க்கரை தேடினாள், கிடைக்கவில்லை, வெல்லக்கட்டியை உடைத்து எல்லார் வாயிலும் போட்டாள். அழுதாள், சிரித்தாள்.

பிறகு எத்திராஜ் தொண்டையைக் கனைத்தார்.

"பதினொண்ணாந்தேதி சடங்கு மச்சான். தாய்மாமன் சீரு ஊரே பேசணும். இருவத்தியோரு தட்டு, மேல ஒரு அட்டிகை. பட்டாளத்துத் துட்டு வந்துகீதுன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிபோச்சி. கன்னியம்மா தல நிமிந்து நிக்கறது உன் கைல தான் கீது."

செய்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வேன்? அப்பா அம்மா இல்லாத பெண். பிறந்த வீடு என்றால் நான்தான். அவள் மாமியார் ராஜம்மாவின் வாய் ஊரறிந்தது.

3 ஜூலை

சீருக்கு நானூறு ஆகும். மீதியை வைத்துக்கொண்டு நிலத்தை மீட்க முடியாது.

தாட்சாயிணியிடம் கத்திவிட்டேன். அவள் கேட்டது இவ்வளவுதான்: "தட்டு தூக்கிகினு போயிட்டு வந்துடலாம். கெணத்து மேடும் போச்சின்னா அடுத்த வருசம் இன்னாத்த துன்றது?" பதில் தெரியாத கேள்வி கேட்டால் கத்துவது என் வழக்கம். அவளுக்கும் தெரியும், அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

5 ஜூலை

பூந்தமல்லி போனேன். துலுக்கானத்திடம் பாதியைக் கட்டிவிட்டுத் தவணையைத் தள்ளிக் கேட்கலாம் என்று எண்ணம். மனுஷன் பணத்தைத் தொடவே இல்லை.

"இன்னா நைனா அவசரம்? மொதல்ல பொண்ணு சடங்க ஜாம்ஜாம்னு நடத்துங்க. தை எங்க கீது, இப்போ எங்க கீது? போதலன்னா இன்னும் எரநூறு வாங்கிகினு போங்க."

மோர் கொடுத்தார், இஞ்சி தட்டிப் போட்டு. வட்டி ஒரு நாள் தள்ளிப் போனால் நடு பஜாரில் கத்துகிற வாய் இது. எனக்கு என்னவோ போல இருந்தது. திரும்பி வரும்போது வண்டிக்கார வேம்புலிதான் சொன்னான்: "உங்க கெணத்து மேட்டாண்ட பட்டாளத்துக்காரங்க லாரி ஷெட்டு போட எடம் தேடறாங்கோ அண்ணாத்தே. மண்டிக்காரரு கூட ரெண்டு வாட்டி வந்து பாத்துகினு போனாரு."

அட பாவி. அவருக்கு என் பணம் வேண்டாம். நான் சீர் செய்து, கை காலியாகி, தை மாதம் வெறும் ஆளாய் நிற்க வேண்டும். அதற்குத்தான் இஞ்சி மோர்.

6 ஜூலை

இரண்டு சாட்சிகளோடு போனேன். எண்ணூற்று நாற்பதையும் எண்ணி வைத்தேன். இன்று மோர் இல்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் அடமானத்தை ரத்து செய்து பத்திரத்தை வாங்கிக்கொண்டேன். கிணற்று மேடு என்னுடையது. வீட்டுக்கு வந்ததும் தாட்சாயிணி பத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள், படிக்கத் தெரியாது அவளுக்கு.

சந்தோஷம் வரவில்லை. கையில் அறுபது ரூபாய், ஐந்து நாளில் சடங்கு.

7 ஜூலை

கன்னியம்மாளிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நாளைக்குப் போகிறேன்.

9 ஜூலை

போகவில்லை.

11 ஜூலை, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஐந்து தட்டு. புடவை, பூ, பழம், வெற்றிலை பாக்கு, வெள்ளிக் கொலுசு. எத்திராஜ் தெருமுனையிலேயே மேளம் நிறுத்தியிருந்தார், எங்களை எதிர்கொண்டு அழைத்துப் போக. இருபத்தொரு தட்டு நடக்கிற தூரத்துக்கு வாசிக்கச் சொல்லியிருந்தார்கள் போல. நாங்கள் வீட்டு வாசலை அடைந்த பிறகும் மேளக்காரர்கள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கன்னியம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். "மத்தவங்க பின்னால வராங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

ராஜம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "புள்ள இல்லாதவனுக்கு நெலம் எதுக்கு? யாருக்கு வாரிக் கொட்டப் போறான்?" வசந்தா கொலுசை உடனே காலில் மாட்டிக்கொண்டது, பாவம். கிளம்பும்போது தங்கை கதவோரம் வந்தாள். "இனிமே இந்தப் பக்கம் வராத. எனக்கு அண்ணன் கெடையாது" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் முன்னாலேயே போய்ச் சொல்லியிருந்தால்? ஒரு வார்த்தை, ஏண்டா, ஒரே ஒரு வார்த்தை சொல்ல நாலு நாள் போதாதா உனக்கு?

2 ஆகஸ்ட்

டிப்போவில் சாமான் எண்ணி எழுதும் வேலை கிடைத்து முதல் சம்பளம். வீட்டுக்குள் நுழைந்ததும் தாட்சாயிணி சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, துலுக்கானத்தின் குரலில், "இன்னா நைனா, வட்டி எங்க?" என்றாள். சடங்குக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

அப்புறம் நிஜமாகவே கையை நீட்டினாள். "மாசம் ஒம்போது ரூவான்னு அவன் வட்டி ஏத்திகினு இருந்தானே. அதே ஒம்போத மொதல்ல எடுத்து வையி. அரிசி, எண்ணெ எல்லாம் அப்பால." தபாலாபீசில் என் பேருக்குச் சேமிப்புப் புத்தகம் போட்டு வந்தேன்.

14 ஜனவரி 1944

பொங்கல் படி எடுத்துக்கொண்டு கரையான்சாவடி போனேன். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

3 ஜூன் 1944

கடன் வாங்கினேன்! இனி ஜென்மத்துக்கும் வாங்குவதில்லை என்று தலையில் அடித்துச் சொன்னவன், கூட்டுறவு சங்கத்தில் நூற்றைம்பது ரூபாய்.

பழைய மாடுகளால் கிணறு இறைக்க முடியவில்லை. டிப்போ சமையலுக்குக் கத்திரியும் புடலையும் எவ்வளவு போட்டாலும் எடுக்கிறார்கள். நல்ல ஜோடி மாடு இருந்தால் இரண்டு மடங்கு பயிர் வைக்கலாம். தாட்சாயிணி துருவித் துருவிக் கேட்டாள். எதற்கு, எப்போது திரும்ப வரும், வராவிட்டால் எதை விற்பது. கடைசிக் கேள்விக்கு "மாட்டையே" என்றேன். "அப்ப வாங்கு" என்றாள். கருமாதிக்கு வாங்கியபோது இந்தக் கேள்விகளை யாரும் என்னைக் கேட்கவில்லை.

11 பிப்ரவரி 1945

சங்கத்துக் கடன் தீர்ந்தது. மாடுகள் கொட்டிலில் நிற்கின்றன.

17 ஆகஸ்ட் 1945

சண்டை முடிந்துவிட்டதாம். டிப்போவில் இனிப்புக் கொடுத்தார்கள். இனி எங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

19 ஜனவரி 1946

என்னையும் நிறுத்திவிட்டார்கள். எத்திராஜின் வண்டிக்கும் டிப்போவில் வேலை இல்லையாம், வேம்புலி சொன்னான். எங்களுக்குக் கிணற்று மேடு இருக்கிறது, தபாலாபீசில் கொஞ்சம் இருக்கிறது. அவர்களுக்கு?

10 பிப்ரவரி 1946

பூந்தமல்லி சந்தையில் துலுக்கானம் கூப்பிட்டார். அதே பழைய சிரிப்பு.

"உங்க சீருக் கடன் இன்னும் நிக்கிதே நைனா. வட்டியும் ரெண்டு மாசமா வர்ல. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, எருமைங்கள ஓட்டிகினு வந்துடுவேன்."

எந்தச் சீர்? நான் சீர் செய்ய யார் கடன் வாங்கினார்கள்? பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். சடங்கு முடிந்த நாலாம் நாள் எத்திராஜ் கைநாட்டு வைத்து இருநூற்றைம்பது வாங்கியிருக்கிறார். அட்டிகை வாங்க. கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது போக இன்னும் நூற்றைம்பது நிற்கிறது.

11 பிப்ரவரி

தாட்சாயிணியையும் அழைத்துக்கொண்டு போனேன். ராஜம்மா காது மந்தமாகி உள்ளே படுத்துக் கிடக்கிறாள். கன்னியம்மாள் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு இளைத்துவிட்டாள்! துலுக்கானம் சொன்னதைச் சொன்னேன். தவிட்டுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமியா என்ன வாழவே உடல அண்ணா. அட்டிகைய வாங்கி, எங்க அண்ணன் அப்பால குட்த்தனுப்பிச்சிதுன்னு சொன்னேன். எல்லாரும் நம்பிட்டாங்கோ. நீ வந்தா இன்னா பேசுவியோ, பொய்யி வெளிய வந்துடுமேன்னு தான் கதவத் தெறக்கல. பொங்கலுக்கு நீ வந்து நின்னுகினு இருந்தியே, நான் உள்ள கதவாண்டயே தான் நின்னுகினு இருந்தேன்."

இரண்டரை வருஷம். நான் தப்பித்துவிட்டதாக நினைத்த கடனை என் தங்கை என் பேரைச் சொல்லித் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நான் மாதாமாதம் ஒன்பது ரூபாய் சேர்த்தபோது அவள் மாதாமாதம் வட்டி கட்டியிருக்கிறாள், அதே துலுக்கானத்துக்கு. கடவுளே.

12 பிப்ரவரி

தபாலாபீசில் எடுத்துக் கட்டிவிடுகிறேன் என்றேன். நானும் வேலை இல்லாதவன், தாட்சாயிணி மறுத்தால் தப்பில்லை. அவள் மறுக்கவில்லை. "குடு. ஆனா சும்மா குடுக்காத. சும்மா குடுத்தா அவ வாங்க மாட்டா, வாங்கினாலும் காலத்துக்கும் நம்ம மொகத்தப் பாக்க மாட்டா. கடனாக் குடு. வட்டி வாணாம், பால் வித்து மாசம் பத்து ரூவா குடுக்கட்டும்."

அப்படியே செய்தோம். துலுக்கானத்தின் கணக்கு தீர்ந்தது. எருமைகள் தப்பின.

10 மார்ச் 1946

கன்னியம்மாள் நடந்தே வந்தாள். முற்றத்தில் நின்றபடி பத்து ரூபாயைத் தாட்சாயிணி கையில் கொடுத்தாள். கடன்காரியாக நிற்கும் கூச்சமோ, என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

15 செப்டம்பர் 1946

மழையிலும் வந்தாள். நின்றபடியே கொடுத்தாள். "உக்காரேன் கன்னியம்மா" என்றேன். "வேல கீது" என்று தாட்சாயிணியிடம் சொன்னாள். நான் கேட்டால் பதில் அவளுக்குப் போகிறது. சரி, இவ்வளவாவது கிடைத்ததே.

11 மே 1947

கடைசிப் பத்து ரூபாய் வந்துவிட்டது. கடன் தீர்ந்தது. "பைசல்" என்றாள் தாட்சாயிணி. கன்னியம்மாள் தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் அடுத்த மாதம் அவள் எதற்காக இங்கே வரப் போகிறாள்? இன்னும் ஐம்பது கூடக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு கெட்ட புத்தி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

8 ஜூன் 1947, ஞாயிறு

கிணற்று மேட்டிலிருந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கன்னியம்மாள் வந்தாள். புடவை முந்தானையில் முடிந்திருந்த பத்து ரூபாயை அவிழ்த்துத் தாட்சாயிணியிடம் நீட்டினாள்.

"தபாலாபீசுல என் பேருக்கும் ஒரு புஸ்தகம் போடணும் அண்ணி."

"கடன் தான் போன மாசமே தீந்துபோச்சே கன்னியம்மா" என்றேன்.

"தெர்யும். நீ கொஞ்சம் தள்ளி ஒக்காருண்ணா, கால் வலிக்குது."

தள்ளி உட்கார்ந்தேன்.